மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தருவதாகக் குடியிருப்புச் சங்கங்களை அணுகுவோர் குறித்து ஓர் எச்சரிக்கை

ஓசூரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்தை ஒரு மின்சேமிப்பு நிறுவனம் எவ்வாறு ஏமாற்றியது என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்திலுள்ள வேறு சில குடியிருப்புகளிலும் இதே பேச்சோடு ஆட்கள் வந்து போவதாகக் கேள்விப்பட்டதால், பொருளாளர் என்ற முறையில் கணக்கு வழக்குகளை வைத்துக்கொண்டு சொல்வது நல்லது என்று பட்டது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு மின் இணைப்புகளுக்குத் தனிக் கட்டண விகிதம் வந்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஆனதிலிருந்து, லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான செலவு எல்லாச் சங்கங்களுக்கும் தலைவலியாகிவிட்டது. (பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023 நவம்பரில் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது, அந்த வகையில் வருபவர்கள் தங்கள் ரசீதில் எந்த விகிதம் போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.) எங்கள் குடியிருப்பு இந்தச் சலுகைக்குள் வராது. பராமரிப்புத் தொகையை உயர்த்தலாம் என்று பொதுக்குழுவில் பேச்செடுத்தாலே சண்டை வருகிற அந்த நேரத்தில்தான், அப்போதைய செயற்குழுவிடம் அந்த நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார்.

அவர் சொன்ன திட்டம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. பம்ப் அறையில் அவர்கள் செலவிலேயே ஒரு பேனலைப் பொருத்துவார்கள். அதனால் குறைகிற மின்கட்டணத்தில் பாதி அவர்களுக்கு, பாதி சங்கத்துக்கு. ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வேறு சிலவும் இருந்தன: ஒன்றரை லட்சம் ரூபாய் பாதுகாப்பு முன்பணம், முப்பத்தாறு மாதக் கட்டாயக் காலம், சேமிப்பு எவ்வளவாக இருந்தாலும் மாதம் குறைந்தபட்சம் 4,000 ரூபாய் சேவைக் கட்டணம், அதற்குப் பின்தேதியிட்ட காசோலைகள், தகராறு எழுந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் பெங்களூரில் மட்டுமே நடுவர் விசாரணை.

பேனலைப் பொருத்திய அன்று செய்து காட்டிய சோதனையில்தான் பலரும் மயங்கினார்கள். ஏழரை குதிரைத்திறன் சப்மெர்சிபிள் மோட்டாரை ஓடவிட்டு, உள்வரும் கம்பியில் டாங் டெஸ்டரை (கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை ஆம்பியரில் காட்டும் கருவி) மாட்டினார்கள். பேனல் இல்லாமல் 13 ஆம்பியர் காட்டியது, பேனலைப் போட்டதும் பத்தரைக்கு இறங்கியது. எண் கண்ணெதிரே குறைகிறபோது யார்தான் நம்பமாட்டார்கள்? கூட்டத்தில் இருந்த, தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மட்டும், "தம்பி, ஆம்பியரைக் காட்டாதீங்க, மீட்டர்ல யூனிட் எப்படி ஓடுதுன்னு காட்டுங்க" என்றார். அதற்குப் பிரதிநிதி, பலன் தெரிய இரண்டு ரசீது காலம் ஆகும் என்று சொல்லி முடித்துவிட்டார்.

அந்தப் பேனலுக்குள் இருப்பது கெப்பாசிட்டர்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேலை செய்யாமல் கம்பியில் போய்வருவது மட்டுமே. கெப்பாசிட்டர் அந்தப் பகுதியை அங்கேயே ஈடுகட்டுவதால் ஆம்பியர் குறைவது உண்மைதான். ஆனால் நம்மிடம் கட்டணம் வாங்கப்படுவது மோட்டார் உண்மையில் செய்யும் வேலைக்கான யூனிட்டுக்கு. அது மாறவே மாறாது. உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைகளின் கதை வேறு. அங்கே யூனிட் கட்டணம் போக, இழுக்கும் உச்ச அளவுக்கான தேவைக் கட்டணம், வேலை செய்யாத அந்தப் பகுதியையும் சேர்த்த கிலோவோல்ட் ஆம்பியர் கணக்கில் விதிக்கப்படுகிறது, திறன் காரணி (இழுப்பதில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.90-க்குக் கீழே போனால் அபராதமும் உண்டு. ஆகவே சிப்காட் தொழிற்சாலைகளிடமிருந்து வாங்கியதாக அவர்கள் காட்டிய பாராட்டுக் கடிதங்கள் மெய்யாகவே இருக்கலாம்; நமக்கு அவற்றால் ஒரு காசும் மிச்சமில்லை.

அப்படியானால் சேமிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனமான பகுதி. ஒப்பந்தப்படி ஒப்பீட்டு அளவு, பேனல் பொருத்துவதற்கு முந்தைய இரண்டு ரசீதுகளின் சராசரி. பேனல் பொருத்தப்பட்டது ஜூலையில். எனவே அந்த இரண்டும் மார்ச் முதல் ஜூன் வரையிலான கோடைக்கால ரசீதுகள், சராசரி 6,200 யூனிட். நவம்பர், டிசம்பர் ரசீதில் 4,100 யூனிட் வந்ததும், 2,100 யூனிட் சேமித்துவிட்டதாகச் சொல்லி, தங்கள் பாதியாக ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பில் அனுப்பினார்கள். மழை பெய்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் ஒழுங்காக வந்த மாதங்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் குறைவாகத்தான் ஓடும். பழைய கோப்பைப் புரட்டினால், பேனலே இல்லாத முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதங்களுக்கு 4,050 யூனிட்.

நான் பொறுப்பேற்ற பிறகு அந்தப் பெரியவரோடு பம்ப் அறைக்குப் போய், மற்ற எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மோட்டார் மட்டும் ஓடும்போது மீட்டரில் ஒரு யூனிட் நகர எவ்வளவு நேரமாகிறது என்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டோம். பேனலோடும் எட்டு நிமிடத்துச் சொச்சம், பேனல் இல்லாமலும் எட்டு நிமிடத்துச் சொச்சம். மின்வாரியத்தின் மீட்டரை வைத்தே செய்யும் இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

செலவைக் குறைக்கும் வழி அதே அறையில்தான் இருந்தது. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் இருந்த, தண்ணீரை மேல்நோக்கி மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு தேய்ந்து, ஒவ்வொரு முறை மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மேல்நிலைத் தொட்டியோ இரவில் நிரம்பி வழிந்து மழைநீர்க் குழாயில் போய்க்கொண்டிருந்தது. வால்வை மாற்றி, தொட்டிக்குத் தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாட்டைப் பொருத்தியதற்கு ஆன செலவு, அவர்கள் வாங்கிய முன்பணத்தில் சிறு பங்குகூட இல்லை.

ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டபோது, மீதி மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னதோடு, காசோலை வழக்குப் போடுவதாகவும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். இந்த மிரட்டலை அலட்சியப்படுத்தக் கூடாது. பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் காசோலை வழக்கு வரக்கூடும் என்பதால், எங்கள் வழக்கறிஞர் மூலம், சேமிப்பே இல்லாததால் கடனும் இல்லை என்று எழுத்தில் உடனே பதில் கொடுத்தோம். பெங்களூர் நிபந்தனையைக் கண்டு பின்வாங்கவும் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நடுவர் விதி அதற்குத் தடையில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். சங்கத்தின் பெயரில் போடுவதில் எதிர்த்தரப்பு சட்டக் கேள்வி எழுப்பலாம் என்று வழக்கறிஞர் சொன்னதால், வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்தே கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

இதே வகை ஒப்பந்தத்தில் ஏற்கனவே கையெழுத்திட்டிருப்பவர்கள் பேனலைக் கழற்றிவிடாமல் அப்படியே வைத்து, மீட்டர் சோதனையைத் தேதி தெரியும்படி படம் பிடித்து, இரண்டு ஆண்டு மின் ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யவும்.