ரெஸ்யூமே: எழுதி வாங்குவதா, நாமே எழுதுவதா?

போன வருடம் ஓசூரிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலை மாற முயன்றபோது இரண்டையும் செய்து பார்த்தேன். முதலில் 3,500 ரூபாய் கொடுத்து ஒரு சேவையிடம் ரெஸ்யூமே எழுதி வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து அதை ஓரமாக வைத்துவிட்டு நானே புதிதாக எழுதினேன். இப்போது பார்க்கும் வேலை அந்த இரண்டாவது ரெஸ்யூமேவில் கிடைத்தது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரியும்.

காசு கொடுத்ததில் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லூரியில் சீனியரிடம் வாங்கிய வேர்டு ஃபைலையே ஆறு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அதிலிருந்த அப்பா பெயர், திருமண விவரம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கடைசியில் வரும் உறுதிமொழி எல்லாவற்றையும் அவர்கள் தூக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் பிழை இல்லை, பார்க்கவும் அழகாக இருந்தது. நான்கே நாளில் கைக்கு வந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ரெஸ்யூமேவை ஒரு தடவை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். நான் குவாலிட்டி இன்ஜினியர். வாகன உதிரிபாகக் கம்பெனி பிபிஏபி (புது பாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் முறை), கண்ட்ரோல் பிளான் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்) தெரியுமா என்று பார்க்கும். பம்ப் கம்பெனிக்கு சப்ளையர் ஆடிட், உள்வரும் பொருள் சோதனைதான் முக்கியம். இரண்டுமே நான் செய்த வேலைதான், ஆனால் எது மேலே இருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். நௌக்ரி மாதிரி வேலை தேடும் தளத்தில் எச்ஆர் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார். பெரிய கம்பெனிகளில் வரும் விண்ணப்பங்களைக் கையாளும் ஏடிஎஸ் மென்பொருளும் விளம்பரத்தில் உள்ள சொற்களைத்தான் நம் ரெஸ்யூமேவில் தேடும். ஆக ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கொஞ்சமாவது திருத்தியாக வேண்டும்.

அவர்கள் இலவசமாகத் திருத்திக் கொடுத்தது இரண்டு தடவைதான். அப்புறம் தடவைக்கு 500 ரூபாய். நானே மாற்றலாம் என்று ஃபைலைத் திறந்தால் பக்கம் நெடுக்காகப் பிரிந்து இடது, வலது என இரண்டு பத்தி, அதற்குள் டெக்ஸ்ட் பாக்ஸ், திறமையைக் காட்டும் கலர் பட்டைகள். ஒரு வரி சேர்த்தால் பக்கமே குலைந்தது. அதன் பிடிஎஃப்பை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தபோது இடது பத்தியும் வலது பத்தியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. சில மென்பொருள்களும் இப்படிக் குழப்பிப் படிக்கலாம். உங்கள் ரெஸ்யூமேவையும் ஒரு தடவை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலைதான்.

அதைவிட வலித்தது ஒரு நேர்காணல். "கிராஸ் ஃபங்ஷனல் இனிஷியேட்டிவ்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?" என்று குவாலிட்டி மேனேஜர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது, அது நானும் மெயின்டனன்ஸ்காரர்களும் சேர்ந்து ஃபிக்ஸ்ச்சர் (மெஷினில் பாகத்தைப் பிடித்து வைக்கும் சாதனம்) மாற்றிய வேலை. நான் செய்த வேலையே வேறொருவர் வார்த்தையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சரி என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். என் டைரியையும் மாதாந்திர ரிவ்யூவுக்குக் குறித்து வைத்த எண்களையும் எடுத்துக்கொண்டேன். 'குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பொறுப்பு' என்று இருந்த வரி இப்படி ஆனது: 'தேய்ந்த லொகேட்டிங் பின்னைக் கண்டுபிடித்து மாற்றியதில், எட்டு மாதத்தில் லேத் லைன் ரிஜெக்‌ஷன் 2.8 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமானது.' வாடிக்கையாளர் பெயர், பார்ட் நம்பர் எதையும் போடவில்லை. பழைய கம்பெனி சீனியர் அண்ணன் ஒருவரிடம் காட்டியபோது, "தம்பி, ஐஏடிஎஃப் ஆடிட்ல நீதானே முன்னாடி நின்ன, அது எங்க?" என்று கேட்டார் (ஐஏடிஎஃப் என்பது வாகனத் துறைக்கான தர நிர்ணயம்). காசு வாங்கியவர் அனுப்பிய பத்துக் கேள்விப் படிவத்தில் இந்தக் கேள்வி வரவே வழியில்லை. ஆங்கிலத்தை அத்தை மகள் பார்த்துக் கொடுத்தாள், அவள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சாட்ஜிபிடியிடமும் கொடுத்துப் பார்த்தேன். இலக்கணத்தைச் சரியாகத் திருத்தியது, ஆனால் நான் செய்யாத ஒன்றையும் சேர்த்துவிட்டது. வரிக்கு வரி சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது.

இப்போது என்னிடம் நான்கு பக்க மூல ஃபைல் ஒன்று இருக்கிறது, ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு. விளம்பரத்தைப் பார்த்து அதிலிருந்து இரண்டு பக்கம் வெட்டி எடுக்க இருபது நிமிடம் போதும்.

காசு கொடுத்து வாங்கியதற்கு இரண்டு மாதத்தில் இரண்டு அழைப்பு, நானே எழுதிய புதியதற்கு அதே அளவு காலத்தில் ஐந்து. ஆனால் நான் புதியதை அனுப்பத் தொடங்கியது ஏப்ரலில், கம்பெனிகள் ஆள் எடுக்கும் நேரம். அதனால் வித்தியாசம் முழுவதும் ரெஸ்யூமேவால் வந்தது என்று சொல்ல முடியாது. இருபது வருட அனுபவத்தோடு பெரிய பதவிக்குப் போகிறவர்கள், சில வருட இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்புகிறவர்கள், வளைகுடாவுக்கு முயல்கிறவர்கள் நிலைமை வேறாக இருக்கலாம். நான் அந்த இடத்தில் இருந்ததில்லை.

காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எழுதித் தருபவருக்குக் கொடுக்காமல், நீங்கள் எழுதியதை வைத்து ஒரு மணி நேரம் போனில் கேள்வி கேட்பவருக்குக் கொடுங்கள். அவர் உங்கள் துறையில் இருந்தவரா என்று முதலில் விசாரியுங்கள். ஒரே பத்தியில், நீங்களே திருத்தக்கூடிய வேர்டு ஃபைலாகக் கேளுங்கள். ரெஸ்யூமேவோடு வேலையும் உறுதி என்று சொல்லிப் பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.