நெல்லும் தோப்பும்: குபோட்டாவா, மஹிந்திராவா?

குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245: இரண்டுமே 24 குதிரைத்திறன் டிராக்டர்கள், இரண்டிலுமே நான்கு சக்கரமும் இழுக்கும். குபோட்டாவுக்கு மூன்று சிலிண்டர், அதிர்வு குறைவு. தென்னை, வாழைக்கு நடுவே நாள் முழுக்க ஓட்டுபவருக்கு அது பெரிய நிம்மதி. ஜீவோவுக்கு இரண்டு சிலிண்டர்தான்.

ஆனால் நம் டெல்டாவில் சேற்றைத்தான் முதலில் பார்க்கணும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தொழி உழவு, அதாவது நடவுக்கு முந்தைய சேற்று உழவு. அப்போது வண்டி நின்றால் நாற்று முற்றிவிடும். அதனால் உதிரிபாகம் மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ அன்றைக்கே கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். நாட்டிலேயே அதிக டிராக்டர் விற்பது மஹிந்திரா; இந்த விஷயத்தில் அதன் கை ஓங்கியிருக்கும்.

கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் ஓட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) இல்லாமல் களிமண் சேற்றில் இரண்டையும் இறக்காதீர்கள்.

வயல் மட்டும் என்றால் நான் ஜீவோ பக்கம். தோப்பு வேலைதான் அதிகம் என்றால், சரி, குபோட்டா.