அயா ருமேலி முதல் லூத்ரோ வரை: நாலு தடவை நடந்த அனுபவம்

கிரீட் தீவின் தென்கரையில் இருக்கும் இந்த இரண்டு துறைமுகக் கிராமங்களுக்கும் கார் போகிற சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் நடக்கலாம். நடுவில் இருக்கும் கரையோரப் பாதை சுமார் 15 கிலோமீட்டர், ஐரோப்பாவின் இ4 நெடும்பாதையில் ஒரு துண்டு. 2017, 2019, 2022, 2024 என்று நாலு தடவை நடந்துவிட்டேன். முதல் தடவை வந்ததும் எழுதியிருந்தால் கடலின் நீலத்தைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன்.

முதலில் திசை. அயா ருமேலியிலிருந்து கிளம்புங்கள். சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீட்டர் இறங்கி வரும் கூட்டம் மாலைப் படகில் போய்விடும், அதற்கப்புறம் ஊர் அப்படியே அடங்கிவிடும். அன்று இரவு அங்கேயே தங்கிவிட்டு, விடியும்போது நடையைத் தொடங்கலாம். முதல் ஒன்றரை மணி நேரம் கூழாங்கல்லும் சாம்பல் நிறப் பரு மணலும்தான், ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும். காலையில் புதுத்தெம்போடு இதைக் கடந்துவிடலாம். 2019-இல் லூத்ரோவிலிருந்து எதிர்த்திசையில் வந்தேன். ஐந்து மணி நேரம் நடந்து களைத்த காலோடு, கடைசிப் படகைப் பிடிக்க வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மணலில் நடந்தது இன்னும் கெண்டைக்கால் சதையில் இருக்கிறது.

மணல் முடிகிற இடத்தில் அயோஸ் பாவ்லோஸ் தேவாலயம், புனித பவுலின் பெயரில் கட்டியது. கரையில் கிடக்கும் அதே சாம்பல் கற்களால் கட்டிய, சிலுவை வடிவத்தில் சின்னக் குவிமாடத்தோடு நிற்கும் பைசாந்தியக் காலக் கட்டடம். தூரத்திலிருந்து பார்த்தால் கரை எது, கோயில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே சுவரோவியங்கள் மங்கிப்போய்த் தெரியும், வெளி வெயிலில் கூசிய கண்ணுக்கு அவை புலப்படக் கொஞ்ச நேரம் ஆகும், அவசரப்படாமல் நில்லுங்கள். நாலு தடவையும் நான் அதிக நேரம் உட்கார்ந்தது இங்கேதான்.

அதற்கப்புறம் கொஞ்ச தூரம் பைன் மர நிழல், காலுக்கடியில் வழுக்கும் காய்ந்த ஊசியிலைகள், பிறகு மார்மரா கடற்கரை வரை நிழலே இல்லை. வலதுபக்கம் கடல் கீழே இறங்கிக்கொண்டே போகும், இடதுபக்கம் பாறைச்சரிவு. இந்தப் பகுதியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் இருக்கும் சிறு உணவகங்கள் சீசனில் மட்டும்தான் திறந்திருக்கும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள். மே மாதமும் அக்டோபரும் சரி, ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மஞ்சளும் கறுப்புமான இ4 அடையாளம் கண்ணில் படாமல் பத்து நிமிடம் நடந்துவிட்டால் நின்று திரும்பிப் பாருங்கள். முதல் தடவை நான் ஆட்டுத் தடத்தைப் பாதை என்று நினைத்து அரை மணி நேரம் மேலே ஏறிவிட்டேன். நன்றாகத் தேய்ந்த தடமாகத்தான் இருந்தது, நடுச்சரிவில் ஒரு முட்புதரில் போய் முடிந்தது.

ஷூ விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2017-இல் வாங்கிய நல்ல நடைஷூ, இரண்டு பயணத்துக்கு எந்தக் குறையும் இல்லை. கொரோனா காலத்தில் அலமாரியிலேயே கிடந்தது. 2022-இல் மார்மராவுக்கு இறங்கும்போது வலதுகால் அடிப்பாகம் முன்பக்கம் வாயைப் பிளந்தது, உள்ளே விரலை விட்டால் நடு அடுக்கு ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. அந்த அடுக்கு பாலியூரித்தேன், காற்றில் இருக்கும் ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும், அணியாமல் வைத்திருந்தாலும் தப்பாது. துணி காயப்போட வைத்திருந்த கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, கல்லில் உரசி அறுந்தபோதெல்லாம் மறுபடி கட்டி, மீதி வழியை முடித்தேன். பழைய ஷூவை எடுத்துப் போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் வீட்டுப் பக்கம் போட்டு நடந்து, அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள்.

மார்மரா என்றால் பளிங்கு. அராதேனா பள்ளத்தாக்கு கடலைத் தொடும் இடம், அலை அரித்த பாறையில் கை வைத்தால் சலவைக்கல் மாதிரி வழுவழுப்பு. குளித்துவிட்டே போங்கள். அடுத்து லிக்கோஸ் கரை வரை பாதை குறுகல், சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும், பக்கத்திலேயே பள்ளம். உயரம் பார்த்தால் தலை சுற்றும் என்பவர்கள் மேலே லிவானியானா கிராமம் வழியாகச் சுற்றி வரலாம். ஏற்றம் கடுமைதான், ஆனால் பயம் இல்லை.

லூத்ரோவுக்கு முன்னால் வரும் சின்ன விரிகுடா ஃபீனிக்ஸ். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில், பவுலை ஏற்றிய கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க வர நினைத்து, புயலில் சிக்கி வர முடியாமல் போன துறைமுகத்தை இங்கேதான் சொல்கிறார்கள். அந்தக் காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போன பக்கம் கவ்தோஸ் தீவு, தெளிவான நாளில் பாதையிலிருந்தே தெரியும்.

காற்று இப்போதும் அப்படித்தான், வேகம் கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் எனக்கு அதுதான் நடந்தது. லூத்ரோவிலேயே காத்திருக்காமல், கார் சாலை இருக்கும் ஊரான ஹோரா ஸ்பாக்கியோனுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் நடந்தேன். நடுவில் கிளிகா நெரா கரை, இனிப்புத் தண்ணீர் என்று அர்த்தம். அலைக்குச் சில அடி தள்ளிக் கூழாங்கற்களைக் கையால் விலக்கினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. குடித்தேன், சில்லென்று இருந்தது, உப்பே இல்லை.