குளோஸ் எண்டட் ஃபண்டு: போடுவது சுலபம், நடுவில் எடுப்பதுதான் பாடு

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். ஃபண்டுக்கு 5-க்கு 3. அதை விற்ற வங்கிக் கிளைக்கு 1. "நடுவில் பணம் வேண்டுமென்றால் பங்குச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம்" என்ற அந்த ஒரு வரிக்கு அரை மார்க், அதுவும் இரக்கப்பட்டு. பெயர்களை எழுதவில்லை. மூன்று, மூன்றரை வருஷத்துக்குப் பூட்டிவைக்கும் இந்த வகை ஈக்விட்டி (பங்குகளில் போடும்) ஃபண்டு எதை எடுத்தாலும் சங்கதி பெரிதாக மாறாது.

பணம் பெரியப்பாவுடையது. 2018 தொடக்கத்தில் கோபியில், மஞ்சள் விற்ற காசு 2 லட்சத்தை எஃப்டியில் போடப் போனவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு என்எஃப்ஓ (புது ஃபண்டு வெளியீடு) படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "ஐயா, எஃப்டி மாதிரியேதானுங்க. மூணரை வருசம் தொடாம இருக்கோணும், அவ்வளவுதான். அவசரம்னா மார்க்கெட்ல வித்துக்கலாமுங்க." இதில் முதல் வாக்கியம் பொய், இரண்டாவது உண்மை, மூன்றாவது பாதி உண்மை. சின்ன கம்பெனிப் பங்குகளாகப் பார்த்து வாங்கும் ஃபண்டை எஃப்டி மாதிரி என்று சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும்.

சாதாரண மியூச்சுவல் ஃபண்டில், அதாவது ஓப்பன் எண்டடில், நாம் எப்போது கேட்டாலும் ஃபண்டு கம்பெனி என்ஏவி (ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) விலைக்கு யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், புதிதாக வருகிறவருக்குப் புது யூனிட் கொடுக்கும். குளோஸ் எண்டடில் அந்தப் பேச்சே கிடையாது. என்எஃப்ஓ நடக்கும் நாட்களில் யூனிட் 10 ரூபாய் என்று வசூலிப்பார்கள், அதோடு சரி. அப்புறம் யூனிட் எண்ணிக்கை கூடாது, முதிர்வுத் தேதி வரைக்கும் கம்பெனியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் கேட்கவும் முடியாது. பெரியப்பா கணக்கில் 20,000 யூனிட். என்ஏவி மட்டும் தினமும் வந்துகொண்டிருக்கும்: ஃபண்டு வைத்திருக்கும் பங்குகளின் அன்றைய மதிப்பையும் ரொக்கத்தையும் கூட்டி, செலவு, பாக்கியெல்லாம் கழித்து, மொத்த யூனிட்டால் வகுத்தால் கிடைக்கும் எண். ஓப்பன் எண்டடில் நம் கைக்கு வரும் விலை அந்த எண்ணை ஒட்டித்தான் இருக்கும். இங்கே முதிர்வு நாள் ஒன்றில்தான் அந்த எண் பணமாக மாறும், மற்ற நாட்களில் அதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் அல்லது வயிறு எரியலாம்.

முன்பு இவ்வளவு கெடுபிடி இல்லை. 2008 அக்டோபரில் உலகமே பணத் தட்டுப்பாட்டில் தவித்தபோது, குறித்த காலத் திட்டங்களில் பணம் போட்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் எடுக்க ஓடினார்கள். ஓடுகிறவருக்குக் கொடுக்கக் கையில் இருப்பதைக் கிடைத்த விலைக்கு விற்றால், பொறுமையாக இருக்கிறவருக்குத்தானே அடி. அதனால் அந்த டிசம்பரில், சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு விதி போட்டது: குளோஸ் எண்டட் திட்டங்களில் நடுவில் பணம் திருப்பித் தரக் கூடாது, பதிலுக்கு யூனிட்டுகளைப் பங்குச் சந்தையில் பட்டியலிட வேண்டும். வரி சேமிப்புக்கான இஎல்எஸ்எஸ் மட்டும் விலக்கு. விதியில் எனக்குக் குறையே இல்லை. சந்தையில் பட்டியலிட்டாகிவிட்டது, சரி, அங்கே வாங்க ஆள் வேண்டுமே? அதற்கு எந்த விதி போட்டு என்ன செய்வது.

2019 கடைசியில் பெரியப்பாவுக்குத் தோட்டத்தில் போர் போடப் பணம் தேவைப்பட்டது. "ஏங்கண்ணு, காசு நம்முளுதுதானே, எடுக்கறதுக்கு என்ன?" என்று என்னிடம் வந்தார். முதல் முட்டுக்கட்டை, பங்கையும் யூனிட்டையும் மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கே அவருக்கு இல்லை. யூனிட்டெல்லாம் வெறும் காகித ஸ்டேட்மெண்டில் இருந்தது. சந்தையில் விற்க டிமேட் கட்டாயம் என்று கையெழுத்து வாங்கிய நாளில் யாரும் மூச்சுவிடவில்லை. கணக்கு திறந்து, படிவம் எழுதி, ஸ்டேட்மெண்டோடு கொடுத்து, யூனிட் டிமேட்டுக்கு வந்து சேரும்போது தோட்டத்தில் போர் வண்டி வந்து இரண்டு இடத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் போயிருந்தது. கைமாற்று வாங்கித்தான் சமாளித்தார்.

இரண்டாவது முட்டுக்கட்டை திரையில் இருந்தது. அன்றைக்கு என்ஏவி 8 ரூபாய் 60 காசு. கடைசியாக வியாபாரம் நடந்த விலை என்று 7.90 காட்டியது, அதுவும் மூன்று வாரத்துக்கு முந்தையது. வாங்கும் பக்கத்தில் 7.40-க்கு 300 யூனிட், 7.25-க்கு 1,000, அதற்குக் கீழே 6.90-க்கு 2,500. விற்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் 8.45-க்கு 5,000 யூனிட்டைப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார், அவரும் நம்மைப் போல ஒரு பெரியப்பாவாகத்தான் இருப்பார். இந்த இடத்தில் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு விற்கச் சொல்வது) போட்டால் கதை முடிந்தது. விற்க நினைத்த 10,000 யூனிட்டையும் கீழே கீழே இறக்கி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுவிடும். இந்த விலைக்குக் கீழே வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் வைத்து, சில வாரம் இழுத்து, பாதியை விற்றோம். சராசரியாக 7.35 விழுந்தது. 86,000 ரூபாய் கணக்குக் காட்டிய யூனிட்டுக்குக் கையில் 73,500. என்ஏவியில் இருந்து 14.5 சதவீதம் குறைவு. டிஸ்கவுண்ட் என்பார்களே, அது இதுதான்.

ஏலச்சீட்டு போடாத குடும்பம் நம்ம பக்கம் அபூர்வம், அதனால் இதைப் பெரியப்பாவுக்குப் புரியவைக்க நான் திணறவில்லை. அவசரக்காரன்தான் அதிகம் தள்ளி எடுப்பான், நெருக்கடி இல்லாதவன் கடைசிச் சீட்டு வரை உட்கார்ந்து முழுசாக வாங்குவான். கணக்கு அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், நான் கடுப்பாவதும் அதில்தான்: சீட்டில் தள்ளிய பணம் கழிவாக எல்லாருக்கும் பிரிகிறது, தள்ளினவருக்கே ஒரு பங்கு வரும். இங்கே தள்ளிய 12,500-ம் வாங்கின ஆளுக்குப் போய்விட்டது. ஃபண்டில் கூடவே இருந்த மற்றவர்களுக்கு ஒரு பைசா கிடையாது.

இந்த இடைவெளியை அடைக்க ஏன் யாரும் வருவதில்லை என்று ஒரு கேள்வி வரும். தங்கத்தையோ நிஃப்டி பங்குகளையோ வைத்திருக்கும் ஃபண்டுகளான கோல்டு ஈடிஎஃப், நிஃப்டி ஈடிஎஃப் எல்லாம் சந்தையில்தானே விற்கின்றன, அங்கே இவ்வளவு தள்ளுபடி வருவதில்லையே? அங்கே பெரிய தரகர்கள் மொத்தமாக யூனிட்டை ஃபண்டு கம்பெனியிடமே கொடுத்துத் தங்கத்தையோ பங்கையோ பணத்தையோ வாங்கிக்கொள்ளலாம், அதேபோல அவற்றைக் கொடுத்துப் புது யூனிட்டும் வாங்கலாம். யூனிட் மலிந்தால் அவர்கள் வாங்கிக் கொண்டுபோய் மாற்றி லாபம் பார்ப்பார்கள், விலை தானாக என்ஏவி பக்கம் வந்துவிடும். குளோஸ் எண்டடில் அந்த வழி அடைப்பு. முதிர்வுத் தேதி ஒன்றுதான் விலையைப் பிடித்து என்ஏவிக்கு இழுக்கிறது. அதனால் தேதி தூரமாக இருந்தால் தள்ளுபடி பெரிதாகவும், கிட்ட வர வர சிறிதாகவும் ஆகும்.

அந்தத் தேதியும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே பெரும்பாலான குளோஸ் எண்டட் ஃபண்டுகளுக்கு முடிவு நாளே கிடையாது, பங்கு மாதிரி சந்தையில் ஓடிக்கொண்டே இருக்கும், வருஷக்கணக்கில் தள்ளுபடியிலேயே கிடக்கும். சில சமயம் கிறுக்கும் பிடிக்கும். கரீபியன் பகுதிக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டு, சந்தைக் குறியீடு சி-யு-பி-ஏ, கியூபா. கியூபாவில் முதலீடு செய்ய அமெரிக்கச் சட்டமே இடம் தராது. ஆனாலும் 2014 டிசம்பரில் ஒபாமா கியூபாவோடு உறவைச் சரிசெய்யப் போவதாக அறிவித்ததும், அதுவரை என்ஏவிக்குக் கீழே 10, 15 சதவீதத்தில் கிடந்தது சில நாளில் என்ஏவிக்கு 70 சதவீதம் மேலே போய்விட்டது. பெயரைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள், வேறென்ன.

நம் ஊரிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1994 ஜனவரியில் மார்கன் ஸ்டான்லி குரோத் ஃபண்டு வந்தபோது, கம்பெனிப் பங்கு வெளியீடு என்று நினைத்துக்கொண்டு மக்கள் வரிசையில் நின்றார்கள், விண்ணப்பப் படிவத்தையே காசு கொடுத்து வாங்கினார்கள். 10 ரூபாய் யூனிட் பட்டியலான அன்றே எகிறும் என்று ஆசை. உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்புதான் ஒரு ஃபண்டின் மதிப்பு, வெளியீட்டு நாளில் அது வசூலான ரொக்கம்தான், அது எப்படி எகிறும்? 15 வருஷத் திட்டம் அது. வெகுகாலம் என்ஏவிக்குக் கீழேயே கைமாறிக்கொண்டிருந்தது, 2009-ல்தான் ஓப்பன் எண்டடாக மாறியது.

சரி, நம்ம ஃபண்டுக்கு வருவோம். 3 மார்க் எதற்கு என்றால், மீதிப் பாதி பிழைத்ததற்கு. 2020 மார்ச்சில் என்ஏவி 5.70 வரை விழுந்தது. அந்த வாரம் சந்தையில் 4.60-க்குக்கூட வாங்க ஆள் இல்லை, விற்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. ஃபண்டு மேனேஜருக்கும் இதில் ஒரு வசதி உண்டு: யாரும் பணம் கேட்டு வர முடியாது என்பதால், விற்பதற்கே சிரமமான சின்னப் பங்குகளை விழுந்த விலைக்கு விற்றுத் தொலைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2021 ஆகஸ்டில் முதிர்வின்போது என்ஏவி 13.20. வருஷத்துக்கு 8 சதவீதம் சொச்சம், அப்போதைய எஃப்டியை விடக் கொஞ்சம் மேல், பட்ட பதற்றத்துக்குக் குறைவு.

ஆனால் எங்களிடம் 7.35-க்கு வாங்கிய அந்த முகம் தெரியாத புண்ணியவானைப் பாருங்கள். ஃபண்டு அவர் வாங்கிய நாளிலிருந்து வளர்ந்தது 53 சதவீதம்தான், அவர் பார்த்த லாபம் கிட்டத்தட்ட 80. அதனால் இந்த வகை ஃபண்டு வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு என் யோசனை, என்எஃப்ஓவில் 10 ரூபாய் கொடுத்து வாங்காதீர்கள். முதிர்வுக்கு ஒன்று, ஒன்றரை வருஷம் இருக்கும்போது சந்தையில் 10 சதவீதமாவது தள்ளுபடியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். தள்ளுபடி கணக்கிடும்போது நேற்றைய என்ஏவியையும் இன்று விற்க நிற்பவரின் விலையையும் எடுங்கள், பழைய வியாபார விலையை நம்பாதீர்கள். முதிர்வை நீட்டிக்கப்போவதாக அறிவிப்பு எதுவும் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இஷ்டமில்லாதவர் அப்போது என்ஏவிக்கு வெளியேறலாம், ஆனால் கடிதத்தைப் படித்தால்தானே.

இப்போது புது ஈக்விட்டித் திட்டங்கள் இந்த வகையில் அரிதாகிவிட்டன. காரணத்தை ஊகிக்க ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. விற்றுக் கொடுப்பவருக்கு முன்கூட்டியே கமிஷன் தருவதை 2018 அக்டோபரில் செபி நிறுத்தியது, 2019 ஏப்ரல் முதல் குளோஸ் எண்டட் ஈக்விட்டித் திட்டங்களின் செலவு விகிதத்துக்கு (ஃபண்டு வருஷத்துக்கு நம் பணத்தில் பிடிக்கும் செலவு) 1.25 சதவீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கும் ஆர்வம் அதோடு குறைந்துவிட்டது.

கடைசியாக ஒன்று, பழைய யூனிட் கையில் வைத்திருப்பவர்களுக்கு. முதிர்வுப் பணம் தானாக வங்கிக்கு வந்துவிடும் என்பார்கள். எங்களுக்கு வரவில்லை. பெரியப்பா கணக்கு வைத்திருந்த வங்கி 2020-ல் இன்னொரு வங்கியோடு இணைந்து, பழைய ஐஎஃப்எஸ்சி எண் செல்லாமல் போயிருந்தது. ஃபண்டு கம்பெனிக்குப் புது எண்ணை எழுதி அனுப்பினோம், பலனில்லை. யூனிட் டிமேட்டில் இருந்தால் வங்கி விவரத்தை டிமேட் கணக்கில் இருந்துதான் எடுப்பார்களாம். புரோக்கரிடம் கேன்சல் செய்த செக் ஒன்றைக் கொடுத்து அங்கே மாற்றிய பிறகுதான் 1,32,000 வந்து விழுந்தது.