ஹாட்யாய் பயணத்துக்குக் கியூஆரா, கைக்காசா, அட்டையா?

பினாங்கிலிருந்து தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாய்க்குப் போவதை வெளிநாட்டுப் பயணம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. பள்ளி விடுமுறையோ தொடர்ந்தாற்போல் சில நாள் விடுப்போ வந்தால், விடியற்காலையில் வேனில் ஏறி, புக்கிட் காயு ஹித்தாம் எல்லைச் சாவடியைக் கடந்து, பகல் உணவுக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறோம். ஆனால் கடப்பிதழில் முத்திரை விழுந்த பிறகு நாமும் வெளிநாட்டவர்தான். நம் ரிங்கிட் எப்படியாவது தாய்லாந்து நாணயமான பாட்டாக மாறியாக வேண்டும். இதற்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவின் நாணய மாற்றுக் கடையில் முன்கூட்டியே பாட் வாங்கிக்கொள்ளலாம். அங்கே போய் வங்கி அட்டையைப் பயன்படுத்தலாம். அல்லது நம்முடைய மலேசியச் செயலியைக் கொண்டே தாய்லாந்துக் கடையின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து செலுத்தலாம். எங்கள் வீட்டில் மூன்றாவது வழிக்கு மாறிவிட்டோம் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அட்டையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. விடுதியிலும் பேரங்காடியிலும் பெரிய உணவகத்திலும் அது செல்லும். சந்தையிலும் தெருவோரத்திலும் செல்லாது. சில கடைகளில் அட்டைக்கென்று 3 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்பார்கள். தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டையைப் போட்டுப் பணம் எடுத்தால், எடுக்கும் தொகை எவ்வளவு சிறியதாயினும் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் கட்டணம் பிடிப்பது அங்கே வழக்கம். ஒரு ரிங்கிட்டுக்கு ஏழெட்டு பாட் என்ற கணக்கில் அது முப்பது ரிங்கிட்டை ஒட்டி வரும், அதற்கு மேல் நம் வங்கி பிடிப்பது தனி. டெபிட் அட்டையாக இருந்தால் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே திறந்து வைத்துவிட வேண்டும். கட்டணம் செலுத்தும் இயந்திரம் ரிங்கிட்டா பாட்டா என்று கேட்டால், தயங்காமல் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ரிங்கிட்டைத் தொட்டால் அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர்கள் வைத்த மாற்று விலைதான் நம் தலையில் விழும். அட்டைக்கு இவ்வளவு போதும்.

நாணய மாற்றுக் கடைகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. லெபு பாசார், லெபு பந்தாய் வட்டாரத்தில் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக நடத்திவரும் இந்தக் கடைகள் பினாங்குத் தமிழர் வாழ்க்கையின் ஒரு பகுதி. எந்தக் கடையில் எந்த நேரத்தில் நல்ல விலை கிடைக்கும் என்பதை என் மாமியார் வானொலிச் செய்தி கேட்பவரைப்போல் தெரிந்து வைத்திருக்கிறார். எல்லையை ஒட்டிய மாநிலம் என்பதால் பாட் இங்கே ஓடுகிற சரக்கு. வாங்குவோரும் விற்போரும் எப்போதும் இருப்பதால் இரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி குறைவாகவே இருக்கும். விமான நிலையத்து முகப்புகளோடு ஒப்பிடவே வேண்டாம். எங்கள் வழக்கமான கடைக்காரர் எண்ணிக் கொடுக்கும்போது, கேட்காமலேயே, "சின்ன நோட்டாவே தர்றேன்கா, அங்க டுக்டுக்காரன்கிட்ட ஆயிரத்தை நீட்டுனா சில்லறை இல்லேம்பான்" என்று நூறும் ஐம்பதும் இருபதுமாகப் பிரித்துக் கொடுப்பார். இந்த அக்கறையை எந்தச் செயலியும் தராது. மாற்று விலையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், நல்ல கடையில் வாங்கிய கைக்காசு கியூஆரோடு சமமாக நிற்கும், சில நாள்களில் சற்று முந்தியும் நிற்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும் நான் கியூஆரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. அதற்குமுன் அது இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் பிராம்ட்பே என்ற மின்னியல் பணம் செலுத்தும் முறை 2017இல் தொடங்கியது. மலேசியாவின் பொதுக் குறியீடான டூயிட்நாவ் கியூஆர் 2019இல் வந்தது. இரு நாட்டு மத்திய வங்கிகளும் 2021இல் இவ்விரண்டையும் இணைத்தன. ஆகவே தாய்லாந்துச் செயலி எதையும் இறக்க வேண்டியதில்லை, அங்கே கணக்குத் திறக்க வேண்டியதும் இல்லை. இந்த இணைப்பில் சேர்ந்திருக்கும் வங்கியின் செயலியோ டச் அண்ட் கோ போன்ற மின்பணப்பையோ கைப்பேசியில் இருந்தால் போதும். கடையின் குறியீட்டை ஸ்கேன் செய்து, பாட்டில் தொகையைத் தட்டினால், உறுதிசெய்வதற்கு முன்பே அதன் ரிங்கிட் மதிப்பு திரையில் வந்து நிற்கும். ஹாட்யாயின் பெயர்பெற்ற பொரித்த கோழியை, மேலே மொறுமொறுவென்று வறுத்த சின்ன வெங்காயத்தைத் தூவிக் கட்டிக் கொடுக்கும் கடையில், அந்தப் பொட்டலம் நம் கைக்கு வருவதற்குள் எத்தனை ரிங்கிட், எத்தனை சென் என்று தெரிந்துவிடுகிறது. அட்டையில் அந்தக் கணக்கு பின்னால்தான் வரும். கைக்காசில் நாமே மனக்கணக்குப் போட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது மீதிப் பணம். கைக்காசு கொண்டுபோகிறவர், என்ன செலவாகும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே ஊகித்தாக வேண்டும். குறைத்து ஊகித்தால் அங்கே கிடைத்த விலைக்கு மாற்ற நேரும்; அல்லது ரிங்கிட்டையே வாங்கிக்கொள்ளும் கடைகளிடம், அவர்கள் சொன்ன விலைக்குக் கொடுக்க நேரும். அதற்கு அஞ்சி எல்லாரும் கூட்டியே ஊகிக்கிறோம். ஆகவே ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் கையில் பாட் மிஞ்சுகிறது. விடுதிகள் இதைக் கூடுதல் சிக்கலாக்குகின்றன. அறைக்குள் நுழையும்போது முன்பணமாக 500 பாட்டோ 1,000 பாட்டோ ரொக்கமாக வாங்கி வைத்துக்கொண்டு, புறப்படும் காலையில், அதாவது பாட்டுக்கு இனி வேலையே இல்லாத நேரத்தில், அதை அப்படியே நம் கையில் திருப்பிக் கொடுக்கும் விடுதிகள் அங்கே உண்டு.

மிஞ்சியதைத் திரும்ப மாற்றுவதில் எவ்வளவு இழப்பு என்று கணக்குப் பார்ப்போம். நூறு பாட்டை ஒரு கடை 13 ரிங்கிட் 10 சென்னுக்கு விற்று, 12 ரிங்கிட் 80 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2,500 பாட் மிஞ்சினால் இழப்பு ஏழரை ரிங்கிட். ஒரு தட்டு நாசி கண்டார் விலைகூடத் தேறாது. இதற்காகவா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். ஆனால் மிஞ்சிய பணத்தை யாரும் அப்படி முறையாகத் திருப்பி மாற்றுவதில்லை என்பதுதான் விஷயம். சில்லறைக் காசுகளை நாணய மாற்றுக் கடைகள் பொதுவாக வாங்குவதில்லை. தாள்களோ "அடுத்த முறைக்கு ஆகும்" என்று தபால் உறைக்குள் போய், அடுத்த முறை அந்த உறை எங்கே என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. அவசரத்தில் புதிதாகப் பாட் வாங்குகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பகுதி எல்லைக்கு வருவதற்கு முன்பே கரைந்துவிடுகிறது. திரும்பும் வழியில் வேன் நிற்கும் தின்பண்டக் கடையில், முந்தைய நாள் கிம் யோங் சந்தையில் விலை கேட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அதே முந்திரிப் பருப்பையும் உலர்ந்த மாம்பழத்தையும், "ஊருக்குப் போனால் இந்தக் காசு செல்லாது" என்ற ஒரே காரணத்துக்காகக் கைநிறைய வாங்குகிறோம். அந்தச் செலவை மாற்றுக் கட்டணம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. என் கணக்கில் அதுவும் மாற்றுக் கட்டணம்தான், அதுவும் மிகப் பெரியது.

கியூஆரில் இந்தச் சுமையே இல்லை. கோழிக்கு நூற்றிருபது பாட் என்றால் நூற்றிருபது பாட்டுக்குரிய ரிங்கிட் மட்டும் போகும். மற்றது ரிங்கிட்டாகவே நம் கணக்கில் இருக்கும், திங்கட்கிழமை இங்கே பெட்ரோலுக்கு உதவும். என் கணவர் இதற்கு மறுப்புச் சொல்வார்: உறையில் வைத்த காசு தீர்ந்தால் செலவும் நிற்கும், கைப்பேசியில் எல்லையே இல்லை என்பார். அது சரியான வாதம்தான். அதனால்தான் வங்கிச் செயலியைவிட மின்பணப்பையை நான் முன்னால் வைக்கிறேன். பயணத்துக்கென்று ஒரு தொகையைப் போட்டுவிட்டால் உறையின் கட்டுப்பாடும் கிடைக்கிறது, கைப்பேசி தொலைந்தாலும் சேமிப்பு முழுவதும் ஆபத்துக்கு உள்ளாவதில்லை. மாற்று விலை செயலிக்குச் செயலி சற்று வேறுபடும். பெரிய தொகையாக இருந்தால் ஒரே குறியீட்டை இரண்டு செயலிகளிலும் ஸ்கேன் செய்து, எது குறைவாகக் காட்டுகிறதோ அதில் உறுதிசெய்யலாம்; பின்னால் வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

கியூஆர் எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் தள்ளுவண்டி வரைக்கும் குறியீடு ஒட்டியிருக்கிறது என்றாலும், எல்லாக் குறியீடும் ஒன்றல்ல. கடையின் பெயரில் வணிகக் கணக்காகப் பெற்ற குறியீடு நம் செயலிக்குப் பொருந்தும். விற்பவர் தம் சொந்தக் கணக்குக்கோ கைப்பேசி எண்ணுக்கோ எடுத்து ஒட்டிய குறியீடு பொருந்தாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், ஸ்கேன் செய்த பிறகுதான் தெரியும். பழச்சாறு விற்கும் பெண்மணி ஒருவர், நான் கைப்பேசியைத் தூக்கிய விதத்திலேயே மலேசியா என்று கண்டுகொண்டு, முன்னால் இருந்த பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடியிலிருந்து வங்கி கொடுத்த வேறொரு பலகையை எடுத்து நீட்டினார். எல்லாரிடமும் அந்த இரண்டாவது பலகை இருக்காது. டுக்டுக், சோங்தாவ் என்ற பகிர்வு வண்டி, கழிப்பறைக் கட்டணம், அறையைத் துப்புரவு செய்பவருக்கு வைத்துவிட்டு வரும் இருபது பாட் ஆகிய எல்லாவற்றுக்கும் கைக்காசுதான்.

இன்னொன்று கைப்பேசியைச் சார்ந்தது. மோசடிகளைத் தடுக்க 2022இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்கு இட்ட பணிப்புகளின்படி, கட்டணத்தை உறுதிசெய்யும் உரிமை ஒரே ஒரு கருவிக்குத்தான். புதிய கருவியைப் பதிந்தால் அது முழுமையாக இயங்கச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளூரில் இது நல்ல பாதுகாப்பு. ஹாட்யாயில் கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அந்த வார இறுதி முழுவதும் நம்மிடம் செயலி இல்லை என்று பொருள். ஆகவே குடும்பத்தில் இரண்டு பேர் கைப்பேசியிலாவது செயலி தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பேசி வைத்திருப்பவர் எந்தக் கடைக்குள் போகிறாரோ அந்தக் கடைக்குள் குடும்பம் முழுவதும் போக வேண்டியிருக்கும் என்பது வேறு கதை. இணையத்துக்குத் தாய்லாந்து சிம் வாங்குவோர், மலேசியச் சிம்மைக் கழற்றி எங்கோ வைக்காமல் இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்வது நல்லது.

மின்சாரமும் தொடர்பும் இல்லாத நிலையில் எந்தக் குறியீடும் பயன்படாது. 2025 நவம்பர் இறுதியில் ஹாட்யாயை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் மலேசியப் பயணிகள் பலர் விடுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். அதுபோன்ற நேரத்தில் தண்ணீர்ப் போத்தலுக்கும் படகுக்கும் எடுத்துக் கொடுக்கக் கையில் தாள் இருக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் போகிறவர்கள் கைக்காசைக் கூட்டியே வைத்துக்கொள்ளட்டும் என்பேன். அப்போது மீதியைப் பற்றி நான் சொன்ன கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான்: இரண்டு இரவு தங்குவதாக இருந்தால், விடுதி முன்பணத்தையும் சேர்த்து 2,000 பாட் அளவுக்கு மட்டும் லிட்டில் இந்தியாவில் சின்னத் தாள்களாக வாங்கிக்கொள்கிறோம், சாப்பாடும் கடைவீதிச் செலவும் மின்பணப்பையில் போகின்றன, அட்டை விடுதிக் கட்டணத்துக்கும் அவசரத்துக்கும். முன்பணம் திரும்பிவரும் காலையில் அதை வேன் கட்டணத்துக்கு ஒதுக்கிவிட்டால் மீதி ஏறக்குறைய இல்லாமல் போகிறது. வேன்காரர் பாட்டில் வாங்கிக்கொள்வாரா என்பதை முதல்நாளே கேட்டுவிட வேண்டும்.

இதெல்லாம் தென் தாய்லாந்தை வைத்துச் சொல்வது. பேங்காக்கிலும் சியாங் மாயிலும் நான் கியூஆரை நம்பி நடமாடியது குறைவு. அதே செயலியால் சிங்கப்பூரின் நெட்ஸ் குறியீட்டிலும் இந்தோனேசியாவின் கிரிஸ் குறியீட்டிலும் 2023 முதல் செலுத்த முடிகிறது. சிங்கப்பூரில் மீதி வெள்ளியை உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பதால் இந்தக் கேள்வி எங்களுக்கு அங்கே எழுந்ததே இல்லை; மேடானுக்கு, ரூப்பியாவைக் கட்டுக்கட்டாக எண்ணிச் சுமப்பதைவிடக் கியூஆர் வசதியாகவே இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அங்கே அடிக்கடி போகிறவர்கள் சொன்னால்தான் அதை உறுதியாக ஏற்பேன்.