கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றுவிட்டார்கள்: ‘பட்டு’ தலையணை உறை வாங்கப் போகிறவர்களுக்கு

கரூரில் இருந்துகொண்டு தலையணை உறையில் ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏற்றுகிற ஊர் இது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் உறை தைக்கிறார்கள். நானோ ஃபோனில் ஆர்டர் போட்டு, இரண்டு உறைக்கு 1,499 ரூபாய் கொடுத்தேன்.

மகள் பிறந்து நான்காவது மாதம். தலைவாரினால் கொத்துக் கொத்தாக முடி. காலையில் எழுந்தால் தலையணையிலும் முடி. கூடவே இடது கன்னத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துத்தான் குழந்தைக்குப் பால் கொடுப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்படிப் படுத்தபடி ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. முடி உதிர்வு நிற்கும், பரு போகும், தூக்கம் நன்றாக வரும். பெயர் ‘மல்பெரி சில்க் சாட்டின், 22 மோமி’. 4,999 ரூபாயை அடித்துவிட்டு 1,499 என்று போட்டிருந்தார்கள். தூக்கம் கெட்டவளிடம் தூக்கத்தை விற்பது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மாமியார் பெட்டியைப் படித்துவிட்டு, “அதென்ன இருபத்திரண்டு மாமி?” என்று கேட்டார். எனக்கும் தெரியாது. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: பட்டுத் துணியின் கனத்தைச் சொல்லும் ஜப்பானிய அளவு அது. ஒரு மோமி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். அசல் பட்டு உறைகள் பெரும்பாலும் 19 அல்லது 22 மோமியில் வரும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே போட்ட எண் அது. எண்ணைப் பார்த்தால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது.

தொட்டால் வழுக்கியது, பளபளத்தது. முதல் நாள் ஜில்லென்றும் இருந்தது. உள்ளே தைத்திருந்த சின்ன லேபிள் கன்னத்தில் குத்தியது. படித்துக்கூடப் பார்க்காமல் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். நான் செய்த பெரிய தப்பு இதுதான், இதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் வாரமே வேடிக்கை ஆரம்பித்தது. ஏப்ரல் மாதம். டிவியில் வெப்பநிலைப் பட்டியல் வாசித்தால் கரூர் பரமத்தி பெயர் முதல் சில இடங்களில் வருமே, அந்த வெயில். நடு ராத்திரியில் பிடரி நனைந்து எழுந்தேன். வியர்வை துணிக்குள் போகாமல் தோலுக்கும் உறைக்கும் நடுவில் பிசுபிசுவென்று நின்றது. தேங்காய் எண்ணெய் தடவிய தலை வேறு. துவைத்துக் காயப்போட்ட பிறகும் உறையில் சிக்கு வாடை போகவில்லை. பரு கூடியது.

சித்தப்பா குழந்தையைப் பார்க்க வந்தார். முப்பது வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவர். கட்டிலில் உட்கார்ந்தவர் கை தானாக உறையைத் தடவியது. “ஏங்கண்ணு, இது என்ன துணி?” என்றார். பட்டு என்றேன். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தீப்பெட்டி கேட்டார்.

தையல் ஓரத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று உருவினார். பாவில் ஒன்றும் ஊடையில் வேறொன்றும் போட்டு நெய்வார்கள், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார். தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். நூல் தீயைக் கண்டு சுருங்கி ஓடி, உருகி, கறுப்பாக ஒரு குண்டுமணி ஆனது. நகத்தால் நசுக்கினால் உடையவில்லை. பிளாஸ்டிக் வாடை. அப்புறம் என் கல்யாணப் புடவையின் உள் ஓரத்தில் பிசிறாக நின்ற ஒரு நூலைக் கேட்டார். மனசில்லாமல்தான் கொடுத்தேன். அது முடி கருகுகிற வாடையோடு எரிந்தது. தீயை எடுத்ததும் தானாக அணைந்தது. சாம்பலைத் தொட்டால் பொடியானது. பட்டும் நம் முடியும் புரதம்தானே, அதனால்தான் அந்த வாடை. காகிதம் எரிகிற மாதிரி எரிந்தால் அது பருத்தியோ ரேயானோ என்றார்.

பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது உறையை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். கட்டைவிரல் நகம் அளவு லேபிள். ‘100% பாலியஸ்டர்’. ஒன்றிலிருந்து நான் வெட்டி எறிந்ததும் இதே லேபிள்தான்.

‘சாட்டின்’ என்பது நூலின் பெயரே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அது நெசவின் பெயர். ஊடைக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போகாமல், பாவு நூல் நான்கு ஊடைக்கோ அதற்கும் மேலோ தாவி, ஒன்றில் மட்டும் கீழே போகும். அந்த நீளத் தாவலால் பளபளப்பும் வழுக்கலும் வருகின்றன. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். ‘சில்க் சாட்டின்’, ‘சில்க்கி சாட்டின்’, ‘சில்க் ஃபீல்’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கிறார்கள். ‘ஆர்ட் சில்க்’ இன்னும் மோசம். அந்த ஆர்ட் கலை இல்லை, ஆர்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம். செயற்கைப் பட்டு.

நியாயமாகச் சொன்னால் பாலியஸ்டர் சாட்டின் கெட்ட துணி இல்லை. முடியில் சிக்கு குறைந்தது உண்மை. சுருட்டை முடிக்காரர்களுக்கு அதுவே போதும், விலையும் மலிவு. ஆனால் ஈரத்தை அது ஏறக்குறைய வாங்கவே வாங்காது. ஜவுளிப் பாடப் புத்தகக் கணக்கில், சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதமும் பருத்தி சுமார் 8 சதவீதமும் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். எண்ணெயை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குளிர் நாட்டில் எப்படியோ, எண்ணெய் வைத்துப் படுக்கிற நம் தலைக்கும் நம் வெயிலுக்கும் ஒத்துவராது.

முடி விஷயத்தில் என்னை ஏமாற்றியது துணி இல்லை, விளம்பரம். தோல் மருத்துவரிடம் போனபோது உதிர்ந்த முடியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு நுனியில் வெள்ளையாகக் குட்டி முடிச்சு இருந்தது. அப்படியிருந்தால் வேரோடு விழுந்தது என்று அர்த்தம். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் சேர்ந்து கொட்டும், பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் சரியாகும் என்றார். அசல் பட்டே விரித்தாலும் அது நின்றிருக்காது. உரசி நடுவில் முறிகிற முடிக்குத்தான் வழுக்குகிற துணி உதவும். பருவுக்கு அவர் துணியைப் பற்றிப் பேசவே இல்லை. உறையை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறாய் என்றுதான் கேட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

சரி, பணத்துக்கு வருகிறேன். திருப்பி அனுப்பக் கேட்டால், ஒன்று துவைத்தாகிவிட்டது, லேபிள் இல்லை, ஏழு நாள் கெடுவும் முடிந்தது என்றார்கள். பாலியஸ்டரைப் பட்டு என்று விற்றீர்களே என்றால், ‘சில்க்’ என்பது எங்கள் ரகத்தின் பெயர், லேபிளில் உண்மையைப் போட்டிருக்கிறோமே என்று பதில். பெட்டிக்குள், உறைக்குள், நகம் அளவில் இருப்பதை வாங்குவதற்கு முன்னால் எப்படிப் படிப்பது? 200 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று 1915-க்குக் கூப்பிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் முடித்துத் தர வேண்டும். அதைச் சொல்லி, விற்பனைப் பக்கத்தை எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டையும் லேபிள் படத்தையும் அனுப்பினேன். நல்ல வேளை, ஆர்டர் போட்ட அன்றே எடுத்திருந்தேன், தங்கைக்குக் காட்டிப் பீற்றிக்கொள்ள. பத்தொன்பதாவது நாள் முழுப் பணமும் வந்தது. அதே உறை அதே படத்தோடு, ‘ராயல் சில்க்’ என்ற புதுப் பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

பட்டுத்தான் வேண்டும் என்கிறவர்கள் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்தது, ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். புடவைக்குப் பார்க்கிறோம், உறைக்குப் பார்ப்பதில்லை. பொருள் வந்த அன்றே நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். அதுவரை லேபிளை வெட்டாதீர்கள், துவைக்காதீர்கள். அசல் பட்டு என்றால் ப்ளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அரித்துவிடும்.

பருத்தி போதும் என்கிறவர்களுக்குச் சித்தப்பா சொன்னது: வெயில் காலத்துக்குச் சாதா நெசவான பெர்கேல், கொஞ்சம் வழவழப்பு வேண்டுமென்றால் சாட்டின் மாதிரியே பருத்தியில் நெய்கிற சாட்டீன். சதுர அங்குலத்துக்குப் பாவும் ஊடையும் சேர்த்து இருநூறு முதல் முந்நூறு இழை தாராளம். “ஆயிரம்னு போட்டிருந்தா, முறுக்கின நூலைப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணியிருக்கான்னு வெச்சுக்கோ.”

நான் இப்போது படுப்பது எங்கள் தெருவில் தைத்த, எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பெர்கேல் உறையில். ஒன்று 120 ரூபாய். ஆறு வாங்கி, மூன்று நாளுக்கு ஒன்று மாற்றுகிறேன். பளபள உறைகள் இரண்டையும் அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. ஒன்று மிக்ஸிக்கு, இன்னொன்று தையல் மெஷினுக்கு. தூசி தட்டினால் உடனே போய்விடுகிறது, அந்த வேலைக்கு நல்ல துணி.