கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸ்: சென்சார் வைத்துப் பார்த்தேன்

வாலிபாலில் பிளாக் போட்டு இறங்கும்போது எதிராளியின் காலை மிதித்து, வலது கணுக்கால் இரண்டாவது முறையாகப் பிசகியது. பாதம் உள்பக்கமாக மடங்கினால் அடிபடுவது பெரும்பாலும் எலும்புகளை இணைக்கும் நாரான வெளிப்பக்க லிகமென்ட்தான்.

பிசியோ, தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்றை முழங்காலுக்குக் கீழேயும் இன்னொன்றை ஷூ மேலேயும் கட்டிவிட்டார். இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசம்தான் கணுக்காலின் அசைவு. எலாஸ்டிக் உறை போட்டுத் தாவியபோது அந்த அசைவைக் காட்டும் வரைபடக் கோடு, உறை இல்லாதபோது ஏறிய மாதிரியே ஏறியது. 300 ரூபாய் தண்டம். லேஸ் வைத்த பிரேஸில் பக்கவாட்டு மடக்கம் ஏறக்குறைய பாதியானது, குதிக்கும் உயரம் குறையவில்லை.

ஆனால் இருபது நிமிஷத்தில் லேஸ் தளர்ந்து கோடு மறுபடி ஏறியது. இறுக்கினால் குதிகாலுக்கு மேல் தோல் உரிகிறது. சரி, இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன். அப்புறம், ஷூ மேல் சென்சார் ஆடினால் அதுவும் பொய் சொல்லும். டேப்பை நன்றாகச் சுற்றச் சொல்லுங்கள்.